உள்ளூர் ஓட்டுநருடன் ஒருநாள் பயணம்: இந்தச் சேவை எப்போது பயன்படும், எதைக் கவனிக்க வேண்டும்

ஓர் ஊரில் சில நாள்கள் தங்கி, அங்கிருந்து காலையில் கிளம்பிச் சுற்றுவட்டாரத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிட நினைப்பவர்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. பேருந்திலோ ரயிலிலோ போகலாம். சுற்றுலா நிறுவனத்தின் குழுப் பயணத்தில் சேரலாம். வாடகைக் காரை எடுத்துத் தாமே ஓட்டலாம். ஓட்டுநருடன் சேர்த்துக் காரை அமர்த்தலாம். இவற்றுள் நான்காவதை, அதிலும் பெரிய நிறுவனங்களின் வழியாக அல்லாமல் அந்த வட்டாரத்திலேயே வாழும் ஒருவரை நேரடியாக அமர்த்திக்கொள்வதை, சில ஆண்டுகளாகப் பல ஊர்களில் பயன்படுத்தி வருகிறேன். இந்த மதிப்புரை தனிப்பட்ட ஓர் ஓட்டுநரையோ நிறுவனத்தையோ பற்றியதன்று. அந்தச் சேவையைப் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு பேர் சேர்ந்து, பொதுப் போக்குவரத்து எளிதில் எட்டாத இரண்டு மூன்று இடங்களை ஒரே நாளில் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன். ஆனால் காரின் மாடலையும் கிலோமீட்டர் விகிதத்தையும் மட்டும் பார்த்து அமர்த்துகிறவர்களுக்கு இதன் பயனில் பாதிகூடக் கிடைப்பதில்லை. நாம் பணம் கொடுத்துப் பெறுவது ஒரு மனிதரின் நேரத்தையும் கவனத்தையும் என்பதால், அந்த நேரம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதையே முதலில் பேச வேண்டும்.

வழியைக் காட்டுவதற்காக இன்று எவரும் உள்ளூர்க்காரரைத் தேட வேண்டியதில்லை. அதைக் கைபேசி வரைபடமே செய்துவிடுகிறது. வரைபடத்தில் இல்லாதவற்றுக்குத்தான் அவர் தேவைப்படுகிறார். மலையுச்சியில் இருக்கும் ஒரு காட்சிமுனைக்குக் காலையில் போனால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்; நண்பகலுக்குப் பிறகு போனால், வெயிலில் சூடேறிய சரிவுகளின் வழியே ஈரக்காற்று மேலேறி மேகமாகத் திரண்டுவிடுவதால், பல நாள்களில் வெண்மூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேற்கு நோக்கிய முகப்புடைய ஒரு பழைய கட்டடத்தைக் காலையில் பார்ப்பவருக்கு நிழலே கிடைக்கும். அதன் சிற்ப வேலைப்பாடு மாலை வெயிலில்தான் எழுந்து நிற்கும். எந்த அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமையில் விடுமுறை, எந்தச் சாலையில் வாரச்சந்தை கூடுகிறது, எந்தப் பாலத்தில் பராமரிப்பு வேலை நடக்கிறது, பள்ளி விடும் நேரத்தில் எந்தக் குறுகிய தெருவுக்குள் நுழையவே கூடாது என்பதெல்லாம் தினமும் அந்தச் சாலைகளில் ஓடுகிறவருக்குத் தானாகத் தெரிந்திருக்கும். நான் அமர்த்தியவர்களில் மிகச் சிறந்தவர்கள் செய்த மிகப் பெரிய உதவி, என் திட்டத்தில் இருந்த இடங்களைக் கூட்டியதோ குறைத்ததோ அன்று. அவற்றின் வரிசையை மாற்றியதுதான். குழுப் பேருந்துகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே வரிசையில் செல்வதால், அவை கடைசியாக வந்து சேரும் இடத்தை நாம் முதலில் பார்த்துவிட்டால், நாள் முழுவதும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நகரலாம். இந்த ஒரு யோசனைக்காகவே கூடுதல் வாடகை தகும் என்பது என் கருத்து.

ஆகவே, ஒருவரை அமர்த்தும் முன் செய்தியில் உரையாடும்போது, ‘இந்த நான்கு இடங்களுக்கு எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘இவற்றை எந்த வரிசையில் பார்ப்பது நல்லது, இவற்றுள் எதை விட்டுவிடலாம்?’ என்றும் கேட்கிறேன். பதிலில் ஆளின் தரம் தெரிந்துவிடும். நான்கையும் பார்த்துவிடலாம் என்று உடனே ஒப்புக்கொள்கிறவரைவிட, மூன்றாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் இடையில் சாலை மோசம், திரும்பும்போது இருட்டிவிடும், ஒன்றை மறுநாளுக்குத் தள்ளுங்கள் என்று சொல்கிறவரே நம்பத்தக்கவர். ஏனென்றால், தன் வருமானம் குறையும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்கிறார்.

நேரக் கணக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரைபடம் ஓர் இடத்துக்கு இரண்டு மணி நேரம் என்று காட்டினால், அது சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும் நேரம். எரிபொருள் நிரப்புவது, கழிப்பறைக்கு நிறுத்துவது, படம் எடுக்க இறங்குவது, வண்டி நிறுத்த இடம் தேடுவது, அங்கிருந்து வாசல் வரை நடப்பது ஆகியவை அதில் சேரவில்லை. வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற சராசரி கிடைத்தாலே நல்ல ஓட்டம் என்று கொள்ள வேண்டும். சமவெளிச் சாலையில் பழகிய கண்ணுக்கு 90 கிலோமீட்டர் சிறிய தொலைவாகத் தெரியலாம், மலையில் அது மூன்று மணி நேரம். எனவே வரைபடம் காட்டும் ஓட்ட நேரத்தோடு குறைந்தது கால் பங்கு சேர்த்துக்கொண்டு, அதன் பிறகே ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று பார்க்கிறேன். அப்படிக் கணக்கிட்டால், பலரும் ஒரே நாளில் அடக்க நினைக்கும் திட்டங்களில் பாதி, காகிதத்திலேயே உடைந்துவிடும். சாலையில் உடைவதைவிட அது நல்லது.

இனி மிக முக்கியமானது என்று நான் கருதும் செய்திக்கு வருகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு நம் விடுதி வாசலில் நிற்கும் ஓட்டுநர் மூன்றரை மணிக்கே எழுந்திருப்பார். இரவு ஒன்பது மணிக்கு நம்மை இறக்கிவிடும்போது அவர் பதினேழரை மணி நேரம் விழித்திருக்கிறார். அதன் பிறகும் தன் வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் ஆகிய ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதைக் காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்குச் சட்டம் விதித்திருக்கும் உச்ச வரம்பும் அதுவே. அதாவது, குடித்துவிட்டு வந்த ஓட்டுநரின் காரில் ஒருபோதும் ஏறமாட்டோம் என்று உறுதியாகச் சொல்லும் நாமே, அதற்கு ஈடான நிலைக்கு ஒருவரை நம் பயணத் திட்டத்தால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் அமர்ந்து கண்ணயர்ந்துவிடுகிறோம். சூரிய உதயத்தையும் பார்க்க வேண்டும், சூரிய அஸ்தமனத்தையும் பார்க்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு இடங்களில் என்று விற்கப்படும் ஒருநாள் திட்டங்களை நான் இந்தக் காரணத்துக்காகவே ஏற்பதில்லை.

பெரிய வாகனங்களுக்கு இதற்கென விதிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண்ணுள்ள ஒழுங்குவிதி, நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வு எடுக்க வேண்டும் என்றும், ஒரு நாளில் ஓட்டுவது 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், வாரத்தில் இரண்டு முறை மட்டும் அது 10 மணி நேரம் வரை போகலாம் என்றும் சொல்கிறது. ஆனால், பயணிகள் போக்குவரத்தைப் பொறுத்தவரை, ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏற்றும் வாகனங்களுக்கே அது பொருந்தும். நான்கு பேர் அமரும் கார் அதற்குள் வராது. சட்டம் கவனிக்காத அந்த இடத்தில் அமர்த்துகிறவர்தான் கவனிக்க வேண்டும். நான் வைத்திருக்கும் வரம்பு எளிமையானது: அவர் வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பும் வரை பன்னிரண்டு மணி நேரம், அதற்குள் ஓட்டுவது ஆறு மணி நேரத்துக்கு மிகாமல். இதைத் தாண்டும் திட்டமாக இருந்தால் வழியில் ஓரிரவு தங்கிவிடுவதே முறை. மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் உடல் இயல்பாகவே சோர்வடையும் என்பதால், அந்த நேரத்தில் நீண்ட ஓட்டம் வராதபடி, நாம் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பெரிய இடத்தை அங்கே வைத்துவிடலாம். நாம் நடக்கும் அந்த இரண்டு மணி நேரம் அவர் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு தூங்கட்டும். முந்தைய நாள் இரவு அவருக்கு வேறு சவாரி இருக்கிறதா என்று கேட்பதும் தவறில்லை. பணிவாகக் கேட்டால், இதுவரை எவரும் கோபித்துக்கொண்டதில்லை. சிலர் நிம்மதியடைந்ததைக் கண்டிருக்கிறேன்.

வாடகையைப் பற்றிய மனக்கசப்புகள் பெரும்பாலும் ஏமாற்றுவதால் வருவதில்லை, இரு தரப்பும் வெவ்வேறு கணக்கை மனத்தில் வைத்திருப்பதால் வருகின்றன. நாம் ஏறிய இடத்திலிருந்து கிலோமீட்டர் தொடங்குவதாக நாம் நினைத்திருப்போம். கார் தன் நிறுத்துமிடத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து, மீண்டும் அங்கே போய்ச் சேரும் வரை அவர் கணக்கிட்டிருப்பார். நம்மைத் தொலைதூர ஊரில் இறக்கிவிட்டால் வெறுமையாகத் திரும்பும் தூரத்துக்கும் எரிபொருள் செலவாகிறது என்பதால் அதையும் சேர்த்திருப்பார், அது நியாயமும்கூட. ஒரு நாளுக்கு இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கும். இரண்டில் எது முதலில் தாண்டப்படுகிறதோ அதற்குக் கூடுதல் கட்டணம் தொடங்கும். இவற்றுக்கு வெளியே சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், எல்லை கடந்தால் நுழைவு வரி, ஓட்டுநருக்கான படி ஆகியவை இருக்கலாம். இவற்றுள் எவை வாடகைக்குள் அடங்கும், எவை அடங்காது என்று ஒரே செய்தியில் எழுதி, அவரிடமிருந்து ‘சரி’ என்ற பதிலைப் பெற்றுவிட்டால், மாலையில் பேச வேண்டிய பேச்சு எதுவும் மிஞ்சாது. காலையில் கிளம்பும்போதே ஓடோமீட்டரைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவர்களை நான் தவிர்க்கிறேன். சிறிய முன்பணம் கேட்பது முறையானது, ஏனென்றால் கடைசி நேரத்தில் பயணம் ரத்தானால் அவருடைய அந்த நாள் வீணாகிவிடும்.

மிகக் குறைந்த விலை சொல்பவரைத் தேர்ந்தெடுப்பது இந்தச் சேவையில் லாபமன்று. எரிபொருள், தேய்மானம், காப்பீடு, பராமரிப்பு ஆகியவை எல்லா ஓட்டுநர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மற்றவர்களைவிட வெகுவாகக் குறைத்துச் சொல்கிறவர் அந்த இடைவெளியை எங்கோ ஈடுசெய்தாக வேண்டும்: தேய்ந்த டயரை மாற்றாமல், ஒரே நாளில் இரண்டு சவாரி எடுத்து, அல்லது நம்மைக் கடைகளுக்கு அழைத்துச் சென்று. அந்தக் கடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா நடக்கும் இடங்களில் சில கடைகள் பயணிகளைக் கொண்டுவருகிறவருக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அந்தக் கமிஷன் நாம் வாங்கும் பொருளின் விலையில் ஏறியிருக்கும். இதற்காக ஓட்டுநரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில் நியாயமில்லை, பல இடங்களில் குறைந்த வாடகையை அவர் ஏற்பதே இந்த வருமானத்தை நம்பித்தான். ஆனால் நம் நேரம் போகிறது. ஆகையால் முன்பதிவின்போதே, ‘கடைகள் வேண்டாம், அதற்கேற்ற வாடகையைச் சொல்லுங்கள்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுவது இருவருக்கும் மரியாதையான வழி. அப்படிச் சொன்ன பிறகு எனக்கு இந்தத் தொல்லை அநேகமாக வந்ததில்லை.

இந்தச் சேவையின் பெரிய பலவீனம், பேசியவர் ஒருவர், வருபவர் வேறொருவர் என்று ஆகிவிடுவது. ஒருமுறை செய்திகளுக்கு மிகத் தெளிவாகப் பதிலளித்து, வரிசையையெல்லாம் அழகாகத் திட்டமிட்டுக் கொடுத்தவர் காலையில் வரவில்லை. அவர் அனுப்பியதாக வேறொருவர் வந்தார். அவர் நல்ல மனிதர், நிதானமாகவும் ஓட்டினார். ஆனால் திட்டத்தில் ஒரு சொல்கூட அவரிடம் சொல்லப்படவில்லை, அந்த மலைப்பாதைக்கு அவர் போனதே இல்லை. உள்ளூர் அறிவுக்காகக் கொடுத்த பணம் அன்று பயனற்றுப் போயிற்று. சிலர் பல ஓட்டுநர்களுக்குச் சவாரி பிடித்துக் கொடுக்கும் தொழிலைச் செய்கிறார்கள். அதில் குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம். ‘நீங்களே ஓட்டுவீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். முந்தைய நாள் மாலைக்குள் ஓட்டுநரின் பெயர், வண்டி எண், அவருடைய கைபேசி எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும். காலையில் வந்து நிற்பது அந்த வண்டி இல்லையென்றால், ஏறும் முன் காரணம் கேட்க வேண்டும்.

வண்டியைச் சோதிக்க இயந்திர அறிவு தேவையில்லை. வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து மேற்பரப்பு அந்த மேட்டைத் தொட்டுவிட்டால், பல நாடுகளில் குறைந்தபட்ச வரம்பாக உள்ள 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள், மழையில் அந்த டயர் வழுக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; முதல் இரண்டு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. பின்னிருக்கையில் சீட் பெல்ட் இருக்கிறதா, இருக்கை உறைக்கு அடியில் அதன் கொளுவி புதைந்து கிடக்கிறதா என்று பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை சீட் பெல்ட் 1959-இலேயே கார்களில் வந்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் அந்தப் பட்டையைப் பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள் இன்னும் அலங்காரப் பொருளாக நினைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. மோதலின்போது பின்னால் பெல்ட் அணியாமல் இருப்பவர் முன்னிருக்கையில் இருப்பவரின் மீது போய் விழுகிறார். அவருடைய அலட்சியத்துக்கு ஓட்டுநரும் விலை கொடுக்க நேரும். குழந்தை உடன் வருவதாக இருந்தால், குழந்தை இருக்கை வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். காலையில் கேட்டால் கிடைக்காது.

ஓட்டும் முறையைக் கண்டுபிடிக்க முதல் இருபது நிமிடங்கள் போதும். கைபேசியைக் கையில் எடுத்துப் பேசுகிறாரா? ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்துகிறவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை, ‘பேச வேண்டியிருந்தால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள், எங்களுக்கு அவசரமில்லை’ என்றாலே பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். மலையிலிருந்து இறங்கும்போது கவனியுங்கள்: நல்ல ஓட்டுநர் கீழ்க் கியருக்கு மாற்றி, இன்ஜினின் இழுவையாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவார். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவரின் காரில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும்; ஒரு கருகல் வாடை வந்தால் அதுவே அடையாளம், அப்போது சற்று நேரம் நிறுத்தி ஆறவிடச் சொல்வது பயணியின் உரிமை. வளைவுகளில் தலைசுற்றல் வருகிறவர்கள் முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவில் பார்வையை வைத்திருப்பது நல்லது; ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவைத்தால், அவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து வண்டியைச் சீராகத் திருப்புவார்.

காகிதங்களைப் பற்றியும் ஒரு சொல். தனிப்பட்ட பயன்பாட்டுக்குப் பதிவான காரை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு. ஆகவே வண்டி பயணிகளை வாடகைக்கு ஏற்றிச்செல்லப் பதிவானதா, காப்பீடு அதற்குரியதா, நாம் போகும் மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். நண்பரின் நண்பர், விடுமுறை நாளில் தன் சொந்தக் காரில் அழைத்துச் செல்கிறார் என்ற ஏற்பாடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் அதை ஏற்பதில்லை.

ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் பலர். இரண்டும் வேறு வேறு தொழில்கள். கிரேக்கம், எகிப்து போன்ற நாடுகளில் தொல்லியல் தளங்களுக்குள் விளக்கிச் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கே அனுமதி. ஓட்டுநர் வாசலோடு நின்றுவிடுவார். இலங்கையில் ஓட்டுநராகவும் வழிகாட்டியாகவும் இருப்பவர்களுக்கென்று தனியாக ஓர் உரிமப் பிரிவே இருக்கிறது. எனவே ‘உள்ளே வந்து விளக்குவீர்களா?’ என்பது முன்பதிவில் கேட்க வேண்டிய கேள்வி. விளக்க முடியாதவர் என்றால் குறையில்லை. சிறந்த ஓட்டுநரிடம் வரலாற்றுப் பாடம் எதிர்பார்ப்பதைவிட, உள்ளே அரை மணி நேரத்துக்கு ஒரு தள வழிகாட்டியைத் தனியாக அமர்த்திக்கொள்வது இருவருடைய திறமைக்கும் மதிப்பளிப்பதாகும். மறுபுறம், வயல்களில் இப்போது என்ன விளைகிறது, அந்த அணை கட்டியபோது எந்தக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன, இந்தச் சாலை வருவதற்கு முன் மக்கள் எப்படிப் போய்வந்தார்கள் என்பவற்றை எந்த வழிகாட்டியையும்விட அவர் நன்றாகச் சொல்வார், கேட்டால்.

மொழி தெரியாத இடமென்றால், போக வேண்டிய இடங்களின் பெயர்களை உள்ளூர் எழுத்திலேயே எழுதிவைத்திருங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது எங்கும் உண்டு என்பதால் வரைபடக் குறியையும் அனுப்பிவிடுங்கள். மொழிபெயர்க்கும் செயலி நின்றுகொண்டிருக்கும்போது உதவும். ஓடும் காரில் அதை ஓட்டுநரின் முகத்தருகே நீட்ட வேண்டாம்.

காத்திருப்பதுதான் இந்தச் சேவையில் வெளியே தெரியாத பெரிய வசதி. முதியவர் ஒருவர் பாதி தூரம் நடந்ததும் களைத்துவிட்டால் காருக்குத் திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம். குழந்தைக்கு உடை மாற்றலாம். மழை வந்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். குழுப் பயணத்தில் எவருக்கும் கிடைக்காத சலுகை இது. என் பெற்றோரை அழைத்துச் சென்றபோது, எந்த வாசலில் படிகள் இல்லை, எங்கே இறங்கினால் நடை குறையும் என்று பார்த்துப் பார்த்து நிறுத்திய ஓட்டுநரின் அக்கறையை நான் எந்த விலைப்பட்டியலிலும் கண்டதில்லை. ஆனாலும் கடவுச்சீட்டு, பணம், மருந்து ஆகியவை கைப்பையோடு நம்முடனேயே வர வேண்டும். அவர்மீது ஐயத்தால் அன்று, நிறுத்துமிடத்தில் வண்டி உடைக்கப்பட்டால் பழி அவர்மீது விழக் கூடாது என்பதால்.

தனியாகப் பயணிக்கும் பெண்கள் கேட்கும் கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. வண்டி எண்ணை வெளியிலிருந்தே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவது, நேரலை இருப்பிடத்தைப் பகிர்ந்திருப்பது, பின்னிருக்கையில் அமர்வது, இருட்டும் முன் திரும்பும்படி திட்டமிடுவது ஆகியவை அடிப்படை. தங்கும் விடுதி பல காலமாக அழைக்கும் ஓட்டுநராக இருந்தால், அவரை அறிந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே ஒரு காப்பு. சில நகரங்களில் பெண் ஓட்டுநர்களும் கிடைக்கிறார்கள், விசாரித்துப் பார்க்கலாம். ஓட்டுநரின் பேச்சோ பார்வையோ சற்றே நெருடலாக இருந்தாலும், கொடுத்த முன்பணத்தைப் பற்றி யோசிக்காமல் ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் இறங்கிவிடுங்கள்.

எல்லாருக்கும் எல்லாப் பயணத்துக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவரோ இருவரோ, நல்ல ரயில் வசதியுள்ள ஒரே நகரத்தைப் பார்க்கப் போவதாக இருந்தால், கார் வீண் செலவு. அந்த நகரின் மையத்தில் அதை நிறுத்த இடம் தேடுவதிலேயே நேரம் போகும். இஷ்டப்படி எந்தப் பிரிவுச் சாலையிலும் திரும்பி, மணிக்கணக்கில் ஓரிடத்தில் பறவை பார்த்துக்கொண்டிருக்க விரும்புகிறவர்களுக்கு, உரிமமும் அனுபவமும் இருந்தால், தாமே ஓட்டும் கார்தான் பொருந்தும். வேறொருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணமே அவர்களை அவசரப்படுத்தும். புதியவர்களோடு பழகுவதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்குக் குழுப் பயணமே நல்லது.

கடைசியாக, பயணம் முடிந்த பிறகு நாம் எழுத வேண்டிய மதிப்புரையைப் பற்றி. தனி ஓட்டுநருக்கு விளம்பரம் என்று எதுவும் இல்லை. முன்பு வந்தவர் எழுதிய நாலு வரிதான் அவருக்கு அடுத்த சவாரியைக் கொண்டுவருகிறது. ‘நல்ல மனிதர், வண்டி சுத்தம், ஐந்து நட்சத்திரம்’ என்று எழுதினால் அவருக்கும் பயனில்லை, படிப்பவருக்கும் பயனில்லை. எந்த மாதத்தில் போனீர்கள், எத்தனை பேர், எந்த இடங்களை எந்த வரிசையில் பார்த்தீர்கள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், பேசிய தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் வித்தியாசம் இருந்ததா, பேசியவரே ஓட்டினாரா, மலை இறக்கத்தில் எப்படி ஓட்டினார் என்று எழுதுங்கள். அவருடைய வீட்டு முகவரி, குடும்பச் செய்திகள், அனுமதி கேட்காமல் எடுத்த படம் ஆகியவற்றை மட்டும் பொதுவில் போட வேண்டாம்.